வியன்னாவின் வெண்புரவிப் பள்ளி

அண்மையில் நண்பர்கள் கூடியிருந்தபோது ஐரோப்பிய அரண்மனைகளைப் பற்றிய பேச்சு எழுந்தது. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில், ஹாப்ஸ்பர்க் பேரரசர்கள் வாழ்ந்த ஹோஃப்புர்க் அரண்மனை வளாகத்திற்குள்ளேயே, 'ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி' என்றொரு நிறுவனம் இன்றளவும் இயங்கி வருவதாக ஒருவர் கூறினார். "ஆஸ்திரியாவில் உள்ள பள்ளிக்கு ஸ்பெயினின் பெயர் எதற்கு?" என்று மற்றொருவர் கேட்டார். உடனே விடை கூற நம்மில் எவராலும் இயலவில்லை. அந்தச் சிறிய கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு சென்றபோது, நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு நம் முன் விரிந்தது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வெண்ணிறக் குதிரைகள் மீதமர்ந்து மண்டபத்திற்குள் நுழையும் வீரர்கள், எதிர்ச்சுவரில் தொங்கும் ஓர் ஓவியத்தை நோக்கித் தம் இருமுனைத் தொப்பியைக் கழற்றி மௌனமாக வணக்கம் செலுத்துகின்றனர். ஓவியத்தில் இருப்பவர் பேரரசர் ஆறாம் சார்லஸ். 1740ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டவர். அவருடைய பேரரசு 1918இல் மறைந்தது. நாடு குடியரசாகி ஒரு நூற்றாண்டும் கடந்துவிட்டது. ஆயினும் வணக்கம் மட்டும் நிற்கவில்லை. மன்னனும் முடியும் போன பின்னர் ஒரு கலை எவ்வாறு நிலைத்து நின்றது என்பதுதான் இப்பள்ளியின் வரலாற்றில் நாம் காணவேண்டிய செய்தி.

பெயர்க் காரணம்

பதினாறாம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் குடும்பம் இரு கிளைகளாகப் பிரிந்து, ஸ்பெயினையும் ஆஸ்திரியாவையும் ஆண்டது. ஆஸ்திரியக் கிளையின் முதல்வரான முதலாம் ஃபெர்டினாண்ட் ஸ்பெயினில் பிறந்து வளர்ந்தவர். அவர் மகன் இரண்டாம் மாக்சிமிலியனும் சில ஆண்டுகள் ஸ்பெயினில் தங்கி ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தார். அக்காலத்தில் ஐரோப்பாவின் தலைசிறந்த சவாரிக் குதிரைகள் ஸ்பானியக் குதிரைகளே என்பது மன்னர்களின் ஒருமித்த கருத்து. ஐபீரிய மண்ணின் குதிரைகளோடு வட ஆப்பிரிக்காவின் 'பார்ப்' இனம் கலந்து உருவானவை அவை. கட்டான உடலும், வளைந்த கழுத்தும், எளிதில் கற்கும் அறிவும் கொண்டவை. மாக்சிமிலியன் அக்குதிரைகளை ஆஸ்திரியாவிற்கு வருவித்தார்.

1565ஆம் ஆண்டின் ஆவணமொன்று அரண்மனைத் தோட்டத்தையொட்டிக் குதிரைப் பயிற்சித் திடல் அமைக்கப்படுவதைக் குறிப்பிடுகிறது. 1572ஆம் ஆண்டில் 'ஸ்பானியச் சவாரிக் கூடம்' என்ற பெயரே ஆவணத்தில் வந்துவிடுகிறது. ஆக, 'ஸ்பானிய' என்ற அடைமொழி பள்ளி இருந்த இடத்தையோ, பயிற்றுவித்த ஆசிரியர்களையோ குறிப்பதன்று. அங்கு பயின்ற குதிரைகளைக் குறிப்பது. மாணவர் பெயரால் பள்ளிக்குப் பெயர் அமைந்தது என்று கூறினால் மிகையாகாது!

ஒவ்வொரு முறையும் ஸ்பெயினிலிருந்து குதிரைகளைக் கொண்டுவருவது எளிதன்று. எனவே 1580இல் மாக்சிமிலியனின் தம்பியான இளவரசர் இரண்டாம் சார்லஸ், திரியெஸ்தே நகருக்கு அருகில், இன்றைய ஸ்லோவேனியாவில் உள்ள லிப்பிட்சா என்னும் சிற்றூரில் ஒரு குதிரைப் பண்ணையை நிறுவினார். கார்ஸ்ட் எனப்படும் சுண்ணாம்புப் பாறை மேட்டுநிலம் அது. மண் குறைவு, புல் குறைவு, கல் மிகுதி. அந்நிலத்தில் ஓடியாடி வளரும் குட்டிகளுக்குக் குளம்பு உறுதிப்படும், கால் வலுப்பெறும். அவ்வூரின் பெயராலேயே இக்குதிரைகள் பின்னாளில் 'லிப்பிசானர்' என்று அழைக்கப்படலாயின.

போர்க்களமும் அரங்கமும்

குதிரையை அடித்து அடக்குவது ஒரு முறை. அதன் விருப்பத்தோடு அதனைப் பயிற்றுவிப்பது மற்றொரு முறை. இரண்டாவது முறையை வலியுறுத்தி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஐரோப்பிய நூல்களுள் ஒன்று, கிரேக்க எழுத்தாளரும் படைத்தலைவருமான ஸெனஃபோன் கி.மு. நான்காம் நூற்றாண்டில் எழுதிய குதிரையேற்ற நூல். வற்புறுத்தலால் வரும் அசைவில் அழகு இராது என்பது அவருடைய துணிபு. மறுமலர்ச்சிக் காலத்தில் கிரேக்க நூல்கள் மீண்டும் படிக்கப்பட்டபோது இத்துறையும் உயிர்பெற்றது. 1550இல் நேப்பிள்ஸ் நகரத்துப் பிரபுவான ஃபெதெரிகோ கிரிசோனே இத்தாலிய மொழியில் எழுதிய நூல் ஐரோப்பாவெங்கும் பரவியது. எனினும், அவருடைய முறைகள் பல இன்று படிக்கும்போது நெஞ்சைப் பதைக்கச் செய்யும் அளவிற்குக் கடுமையானவை.

கடுமை தணிந்து கனிவு கூடியது பிரான்சில்தான். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இளவயது மன்னர் பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்த அந்துவான் தெ புளூவினேல் குதிரையின் மனத்தை அறிந்து பழக்க வேண்டும் என்றார். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸின் துய்லெரி அரண்மனைப் பயிற்சிக் கூடத்தை நடத்திவந்த தெ லா கெரினியேர், குதிரையின் உடலை நெகிழ்விக்கும் பயிற்சிகளைப் படிப்படியாக வகுத்து 1733இல் நூலாக்கினார். வியன்னாப் பள்ளி தன் பயிற்சிக்கு அடிப்படையாக இந்நூலையே ஏற்றுக்கொண்டது. இச்செய்தியை நினைவில் இருத்துமாறு வாசகர்களை வேண்டுகிறோம். கட்டுரையின் இறுதியில் இதற்கு மீண்டும் வருவோம்.

பள்ளியின் புகழுக்குக் காரணமான அசைவுகளுள் சிலவற்றை மட்டும் இங்கே காண்போம். நின்ற இடத்திலேயே தாளம் தவறாமல் மெல்லோட்டமாகக் கால் மாற்றுவது 'பியாஃப்'. பின்னங்கால்களை மடக்கி, முழு எடையையும் அவற்றின் மீது தாங்கி, தரையிலிருந்து சாய்வாக முன்னுடலை உயர்த்தி அசையாது நிற்பது 'லெவாட்'. முன்னங்கால்கள் தரையைத் தொடாமல் பின்னங்கால்களால் மட்டுமே தாவித் தாவி முன்னேறுவது 'கூர்பெத்'. நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பி, உயரத்தின் உச்சியில் பின்னங்கால்களைப் பின்னோக்கி உதைத்து, புறப்பட்ட இடத்திலேயே வந்திறங்குவது 'கப்ரியோல்'.

இத்தாவல்கள் போர்க்களத்தில் காலாட்களை விரட்டப் பயன்பட்டவை என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. இக்கூற்றை அப்படியே ஏற்பதில் நமக்குத் தயக்கம் இருக்கிறது. ஈட்டி ஏந்திய வீரர்களின் நடுவில் முன்னுடலை உயர்த்தி வயிற்றைக் காட்டி நிற்கும் குதிரை எவ்வளவு நேரம் பிழைத்திருக்கும்? மேலும், இக்கலை செழித்த நூற்றாண்டுகள் துப்பாக்கியும் பீரங்கியும் பெருகிய நூற்றாண்டுகள். சட்டென்று திரும்புதல், நிற்றல், பாய்தல் ஆகியவை போருக்குத் தேவையான பயிற்சிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றின் உச்சமான தாவல்கள், நாம் கருதுமளவில், அரங்கிற்கே உரியவை. போர்ப் பயிற்சியாகத் தொடங்கியது, போரின் தேவை குறையக் குறையக் கலையாக முதிர்ந்தது எனக் கொள்வதே பொருத்தம்.

வெண்ணிற மண்டபம்

திறந்தவெளித் திடலிலும் மரக்கூடத்திலும் நடந்துவந்த பயிற்சிக்கு நிலையான மண்டபம் எழுப்பியவர், முன்னர் நாம் கண்ட ஆறாம் சார்லஸ். 1729இல் தொடங்கி 1735இல் முடிந்த இக்கட்டடத்தின் சிற்பி யோசஃப் இமானுவேல் ஃபிஷர் ஃபொன் எர்லாக். 'குளிர்காலப் பயிற்சிக் கூடம்' என்பது இதன் பெயர். ஏறத்தாழ 55 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், 17 மீட்டர் உயரம். இருபுறமும் தூண் வரிசைகள் தாங்கும் மேல்மாடங்கள். சுவர், தூண், கூரை அனைத்தும் வெண்மை. பேரரசரின் ஓவியத்தைத் தவிரக் கண்ணைக் கவரும் வண்ணம் வேறெதுவும் இல்லை. கீழே மணல் பரப்பிய தரை. பேரரசின் ஆடம்பரத்திற்குப் பேர்போன ஒரு காலத்தில், குதிரையின் அசைவன்றி வேறெதுவும் கண்ணில் படக்கூடாது என்று கருதியவர் போலச் சிற்பி இதனை அமைத்துள்ளார்.

இம்மண்டபம் குதிரைகளை மட்டும் கண்டதன்று. 1743 ஜனவரி 2ஆம் நாள், பிராக் நகரம் மீட்கப்பட்டதைக் கொண்டாடும் முகத்தான், சார்லஸின் மகளான மரியா தெரேசா அரசவைப் பெண்டிரோடு தாமே பங்கேற்று இங்கொரு மகளிர் சவாரி விழாவை நடத்தினார். நெப்போலியனுக்குப் பின் ஐரோப்பாவின் எல்லைகளை வகுக்கக் கூடிய 1814-15 வியன்னா மாநாட்டின்போது விருந்தினருக்கான கேளிக்கைகள் இங்கு நிகழ்ந்தன. 1848இல் புரட்சி வெடித்தபோது, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆஸ்திரிய நாடாளுமன்றம் கூடுவதற்கு ஏற்ற பெரிய இடம் வேண்டியிருந்தது. இம்மண்டபமே அதற்குக் கிடைத்தது. உழவர்கள் நிலப்பிரபுக்களுக்குக் கட்டுப்பட்டுச் செய்துவந்த கட்டாய ஊழியத்தை ஒழிக்கும் தீர்மானம் இக்கூரையின் கீழ்தான் நிறைவேறியது. மன்னர்கள் சவாரி பயில எழுப்பிய மண்டபத்தில் மன்னராட்சியின் பழைய தளைகளுள் ஒன்று அறுந்தது என்பதை எண்ணும்போது, வரலாற்றின் போக்கு நமக்கு வியப்பையே தருகிறது.

கருங்குட்டியும் வெண்புரவியும்

லிப்பிசானர் குட்டிகள் பிறக்கும்போது கருமையாகவோ அடர்பழுப்பாகவோ இருக்கின்றன. ஆண்டுதோறும் நிறம் வெளிறி, ஆறு முதல் பத்து வயதிற்குள் வெண்மை அடைகின்றன. எப்போதாவது ஒரு குதிரை வாழ்நாள் முழுவதும் பழுப்பாகவே இருந்துவிடும். அத்தகைய ஒரு பழுப்புக் குதிரையை நற்சகுனமாகக் கருதி லாயத்தில் வைத்திருப்பது பள்ளியின் மரபு.

இன்றைய குதிரைகளின் தந்தைவழியை ஆறு மூதாதையர்களிடம் கொண்டு நிறுத்தலாம். டென்மார்க்கிலிருந்து வந்த புளூட்டோ (1765), நேப்பிள்ஸ் இனத்தைச் சேர்ந்த கொன்வெர்சானோ (1767), பொஹீமியாவின் கிளாத்ருப் பண்ணையைச் சேர்ந்த மயெஸ்தோசோ (1773), அதே பண்ணையின் ஃபவோரி (1779), மீண்டும் நேப்பிள்ஸ் இனத்தின் நெயபொலித்தானோ (1790), அராபியக் குதிரையான சிக்லாவி (1810) ஆகியவையே அவை. ஒவ்வோர் ஆண் குதிரையும் இரட்டைப் பெயர் தாங்குகிறது. முதற்பெயர் தந்தைவழி மூதாதையுடையது, இரண்டாம் பெயர் தாயுடையது. 'புளூட்டோ தியோடொரொஸ்டா' என்றால், புளூட்டோவின் கொடிவழியில் தியோடொரொஸ்டா என்னும் தாய்க்குப் பிறந்தது என்று பொருள். பெயரைக் கேட்டதும் குலம் விளங்கிவிடும்.

அமைதியான பண்ணையிலேயே இக்கொடிவழி வளர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். நெப்போலியனின் படைகள் நெருங்கியபோதெல்லாம், 1797இலும் 1805இலும் 1809இலும் லிப்பிட்சாவின் குதிரைகள் கிழக்கு நோக்கி நடத்திச் செல்லப்பட்டன. சினைப் பெட்டைகளும் குட்டிகளும் பல நாள் நடந்தே அகதிகளாயின. போர் வரும்போது ஓடுவது இவ்வினத்தின் ஊழ் போலும்!

கற்பிப்பவர் யார்?

பள்ளியின் உயிர்நாடி அதன் பயிற்சி முறை. குட்டிகள் முதல் சில ஆண்டுகள் மேய்ச்சல் நிலங்களில் கட்டுப்பாடின்றி வளர்கின்றன. கோடையில் மலைப்புல்வெளிகளில் திரிகின்றன. நான்கு வயதானபின் தேர்ந்தெடுத்த ஆண் குதிரைகள் மட்டும் வியன்னாவிற்கு வருகின்றன. முதற்கட்டத்தில் வீரனைச் சுமந்துகொண்டு நேராகவும் இயல்பாகவும் நடக்கவும் ஓடவும் பழகுகின்றன. இரண்டாம் கட்டத்தில் உடல் வளைவும் சமநிலையும் கைவருகின்றன. மூன்றாவதே 'உயர்நிலைப் பள்ளி' எனப்படும் நுண்பயிற்சி. பயிற்சி முழுமை பெற ஆறு ஆண்டுகள் அளவில் ஆகும். தாவல்களோ எல்லாக் குதிரைகளுக்கும் வாய்ப்பதில்லை. எந்தக் குதிரை எதனை விரும்பிச் செய்கிறதோ அதுவே அதற்குக் கற்பிக்கப்படுகிறது.

மனிதர்களுக்கான பயிற்சி இதனினும் நீண்டது. புதிதாகச் சேரும் மாணவர் முதலில் லாயத்தைப் பெருக்கிச் சேணத்தைத் துடைக்க வேண்டும். பின்னர் நீண்ட கயிற்றில் பிடித்துச் சுற்றவிடும் குதிரையின் மீது, அங்கவடியும் இன்றிக் கடிவாள வாரும் இன்றி அமர்ந்து உடலின் நிலையைப் பழக வேண்டும். உதவி வீரராவதற்குச் சில ஆண்டுகள். அதன்பின் ஓர் இளங்குதிரையைத் தாமே தொடக்கத்திலிருந்து பயிற்றுவித்து அரங்கேற்றிக் காட்டினால்தான் முழுமையான வீரர் என்ற தகுதி. மொத்தத்தில் பத்தாண்டுகள் அல்லது அதற்கும் மேல் ஆகிவிடும்.

இங்கே நாம் உற்று நோக்கவேண்டிய ஒன்று உண்டு. புதிய மாணவருக்குத் தரப்படுவது அனுபவம் முதிர்ந்த குதிரை. புதிய குதிரைக்குத் தரப்படுவது அனுபவம் முதிர்ந்த வீரர். சரியாக அமர்ந்தால், சரியான இடத்தில் காலை அழுத்தினால் மட்டுமே முதிய குதிரை அசைந்து கொடுக்கும். தவறாகச் செய்தால் அசையாது நின்றுவிடும். அதனினும் கண்டிப்பான ஆசான் இருக்க முடியுமா? மனிதனிடமிருந்து குதிரைக்கும், குதிரையிடமிருந்து மனிதனுக்குமாக இவ்வித்தை மாறி மாறிக் கைமாறுகிறது. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் இரு புறமும் அறுந்துவிடும்.

பள்ளியின் பயிற்சி நெறி நெடுங்காலம் வாய்மொழியாகவே வழங்கிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பள்ளியை வழிநடத்திப் பெரும்புகழ் பெற்ற மாக்ஸ் ஃபொன் வைரோதரின் செல்வாக்கு அவருடைய மாணவர்கள் வழியேதான் ஐரோப்பாவில் பரவியது. 1898இல் ஃபொன் ஹோல்பைன், மைக்ஸ்னர் ஆகிய இருவரும் இணைந்து சுருக்கமான நெறிமுறைக் கையேடு ஒன்றை எழுதினர். அச்சிறு கையேட்டில் அடங்காத பெரும்பகுதி வீரர்களின் தொடையிலும் விரலிலும் முதுகெலும்பிலுமே இருந்தது, இருந்துவருகிறது.

முடி சாய்ந்தபோது

1918இல் முதல் உலகப்போர் முடிந்தபோது ஹாப்ஸ்பர்க் பேரரசு துண்டு துண்டாகச் சிதறியது. லிப்பிட்சா இத்தாலியின் கைக்குப் போயிற்று. போர்க்காலத்தில் உள்நாட்டிற்கு நகர்த்தப்பட்டிருந்த குதிரைகள் இத்தாலிக்கும் ஆஸ்திரியாவிற்கும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டன. ஆஸ்திரியாவின் பங்கிற்கு வந்தவை 1920இல் ஸ்டைரியா மாநிலத்தின் பீபர் என்னும் ஊருக்குச் சென்றன. பள்ளிக்கான குதிரைகள் இன்றும் அங்கிருந்தே வருகின்றன.

வியன்னாவிலோ பசி. ரொட்டிக்கு மக்கள் வரிசையில் நிற்கும் நகரத்தில், மன்னரில்லாத அரண்மனையில், குதிரைகளுக்குக் கொள்ளும் தீவனமும் எதற்கு? இக்கேள்விக்கு விடையாகப் பள்ளி தன் கதவுகளைத் திறந்தது. அதுவரை அரசவைக்கும் அதன் விருந்தினருக்கும் மட்டுமே உரியதாயிருந்த காட்சியை, 1920 முதல் கட்டணம் செலுத்தும் எவரும் காணலாம் என்றாயிற்று. பேரரசின் சொத்து மக்களின் சொத்தானது. பள்ளி பிழைத்தது.

1945

இரண்டாம் சோதனை இதனினும் கொடியது. 1938இல் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியபின் பள்ளி ஜெர்மானிய இராணுவத்தின் கீழ் வந்தது. 1939இல் அதன் தலைவராகப் பொறுப்பேற்றவர் அலோய்ஸ் பொதாய்ஸ்கி. பழைய பேரரசின் படையில் பணிபுரிந்தவர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 'நீரோ' என்ற குதிரையோடு நுண்சவாரிப் பிரிவில் வெண்கலப் பதக்கம் வென்றவர். இதனிடையே பீபரிலும் லிப்பிட்சாவிலும் யூகோஸ்லாவியப் பண்ணைகளிலும் இருந்த லிப்பிசானர் பெட்டைகளையும் குட்டிகளையும் ஜெர்மானியர் பொஹீமியாவின் ஹோஸ்டாவு என்ற ஊரில் ஒன்றுசேர்த்தனர். ஆண் குதிரைகள் வியன்னாவில், பெட்டைகள் ஹோஸ்டாவில். இனத்தின் எதிர்காலம் இரண்டு கூடைகளில் இருந்தது. இரண்டுமே நெருப்பின் அருகில் இருந்தன.

வியன்னாவின் மீது குண்டுகள் விழத் தொடங்கின. குதிரைகளை வெளியேற்ற பொதாய்ஸ்கி அனுமதி கேட்டார். நகரத்தை ஆண்டவர்கள் தயங்கினர். வெண்குதிரைகள் வெளியேறினால் நகரம் கைவிடப்பட்டது என்று மக்கள் அஞ்சுவர் என்பது அவர்கள் கவலை. இறுதியில் 1945 மார்ச்சில்தான் எஞ்சிய குதிரைகள் இரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்டு, வான்தாக்குதல்களுக்கிடையே மேல் ஆஸ்திரியாவின் சங்க்த் மார்ட்டின் ஊருக்குச் சென்றன. அவ்வூர் எங்கும் அகதிகள். பசித்தவர்களின் கண்ணில் குதிரை என்பது இறைச்சியாகவும் தெரியக்கூடும் என்பதைப் பொதாய்ஸ்கி உணர்ந்திருந்தார்.

அங்கு வந்துசேர்ந்தது அமெரிக்கப் படை. அதன் தளபதி ஜெனரல் ஜார்ஜ் பாட்டன், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்துதுறைப் போட்டியில் பங்கேற்றவர். குதிரைப்படையில் வளர்ந்தவர். 1945 மே 7ஆம் நாள், ரைம்ஸ் நகரில் ஜெர்மனியின் சரணடைவு ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாளில், சங்க்த் மார்ட்டினில் பாட்டன் முன்பு லிப்பிசானர்கள் அரங்கேறின. காட்சியின் முடிவில் பொதாய்ஸ்கி பாட்டனின் முன் குதிரையை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, பள்ளியை அமெரிக்கப் படையின் பாதுகாப்பில் ஏற்குமாறு வேண்டினார். பாட்டன் இசைந்தார்.

இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. இக்காட்சியில் மயங்கிய பாட்டன் உடனே படையை அனுப்பி ஹோஸ்டாவின் பெட்டைகளை மீட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. கேட்பதற்கு இனிமையாக இருப்பினும் நாட்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. கர்னல் சார்லஸ் ரீடின் தலைமையில் அமெரிக்க இரண்டாம் குதிரைப்படைப் பிரிவு ஹோஸ்டாவை அடைந்தது ஏப்ரல் 28ஆம் நாள். அதாவது சங்க்த் மார்ட்டின் காட்சிக்கு ஒன்பது நாட்கள் முன்னர்! கிழக்கிலிருந்து சோவியத் படை நெருங்கி வரவே, குதிரைகளின் கதியை எண்ணி அஞ்சிய ஜெர்மானியப் பண்ணை அதிகாரிகளும் கால்நடை மருத்துவர்களும் பகைவரான அமெரிக்கரோடு தாமே பேசி இடத்தை ஒப்படைத்தனர். அங்கே சிறைவைக்கப்பட்டிருந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளும் விடுதலை பெற்றனர். அதன் பின்னரும் ஜெர்மானிய எஸ்.எஸ். படையினர் தாக்கியபோது உயிரிழப்பு நேர்ந்தது. மே மாத நடுவில் குதிரைகள் எல்லை தாண்டி பவேரியாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டன. பீபர் பண்ணைக்குரியவற்றை அடையாளங்காட்டிப் பிரித்தெடுத்துச் சென்றார் பொதாய்ஸ்கி.

ஒரு தளபதியின் ரசனையால் நிகழ்ந்த அற்புதமாக இதனைச் சுருக்குவது, உயிரைப் பணயம் வைத்த பலரின் பங்கை மறைத்துவிடும். பொதாய்ஸ்கியின் நினைவுநூலைத் தழுவி வால்ட் டிஸ்னி நிறுவனம் 1963இல் திரைப்படம் ஒன்றை வெளியிட்டது. திரையைக் காணும்போது நாட்காட்டியையும் அருகில் வைத்துக்கொள்வது நலம்.

வீடு திரும்பல்

போர் முடிந்தும் பள்ளியால் உடனே வீடு திரும்ப இயலவில்லை. வியன்னா நான்கு வல்லரசுகளின் பிடியில் பங்குபோடப்பட்டிருந்தது. பத்தாண்டுகள் வெல்ஸ் நகரில் தங்கி, வெளிநாடுகளில் காட்சிகள் நடத்திக் காலம் தள்ளியது பள்ளி. 1955இல் ஆஸ்திரியா முழு விடுதலை பெற்ற ஆண்டிலேயே வெண்குதிரைகள் குளிர்கால மண்டபத்திற்குத் திரும்பின. 1964 வரை பொறுப்பில் இருந்த பொதாய்ஸ்கி தம் சங்கிலிக் கண்ணியைப் பழுதின்றிக் கையளித்துச் சென்றார்.

சோதனைகள் அத்துடன் ஓயவில்லை. 1983இல் பீபரில் பரவிய தொற்றுநோய்க்குச் சுமார் நாற்பது குதிரைகள் பலியாயின. 1992 நவம்பர் இறுதியில் ஓர் இரவு, மண்டபத்தை அடுத்த அரண்மனைப் பகுதி தீப்பற்றி எரிந்தது. லாயத்திலிருந்த அறுபதுக்கும் மேற்பட்ட குதிரைகளை ஊழியர்கள் வெளியே கொண்டுவர, தெருவில் சென்றவர்களும் கடிவாளம் பிடித்து உதவினர். ஒரு குதிரையும் சாகவில்லை.

2001இல் பள்ளியும் பீபர் பண்ணையும் அரசுத் துறையிலிருந்து பிரிக்கப்பட்டு, குடியரசுக்குச் சொந்தமான தனி நிறுவனமாக்கப்பட்டன. தன் செலவைத் தானே ஈட்டவேண்டிய நெருக்கடி அதனால் மிகுந்தது. 2008இல் முதன்முறையாகப் பெண்கள் இருவர் மாணவராகச் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் 2016இல் முழு வீரராகத் தகுதி பெற்றார். 1743இல் மரியா தெரேசா சவாரி செய்த மண்டபத்தில் ஒரு பெண் வீரராவதற்கு இருநூற்று எழுபத்துமூன்று ஆண்டுகள் ஆயின! 2015இல் யுனெஸ்கோ இப்பள்ளியின் மரபை மானுடத்தின் அருவமான பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. 2022இல் ஆஸ்திரியா, ஸ்லோவேனியா உள்ளிட்ட எட்டு நாடுகளின் லிப்பிசானர் வளர்ப்பு மரபும் அப்பட்டியலில் இடம்பெற்றது. ஒரு காலத்தில் எல்லைகளால் பிரிக்கப்பட்டு வழக்காடிய நாடுகள், குதிரையின் பெயரால் ஒன்றாகக் கையொப்பமிட்டன.

பாட்டனின் வியப்பு

சங்க்த் மார்ட்டின் காட்சியைக் கண்ட பாட்டன், தம் குறிப்புகளில் ஒரு வியப்பைப் பதிவு செய்துள்ளார். உலகமே போரில் கிழிந்துகொண்டிருக்கையில், திடகாத்திரமான ஆண்கள் சிலர் குதிரைகளுக்கு ஒயிலாக நடக்கக் கற்றுக்கொடுப்பதில் வாழ்நாளைச் செலவிட்டிருக்கிறார்களே என்ற ஏளனம் கலந்த வியப்பு அது. எனினும், உயர்ந்து வளர்ந்த எந்தக் கலையையும், அது எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், அழியவிடுவது தவறாக இருக்கலாம் என்றும் அவர் எழுதினார். பாதுகாப்பு அளித்தவரே கேட்ட கேள்வி என்பதால் இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பசித்திருக்கும் நகரத்தில் நடனக் குதிரை எதற்கு? 1918இலும் 1945இலும் நேர்மையான எவர் மனத்திலும் எழுந்திருக்கக்கூடிய கேள்விதான்.

இதற்கான விடையைப் பிரான்சின் வரலாற்றில் நாம் காண்கிறோம். வியன்னாப் பள்ளியின் வேதமாக விளங்கும் நூலை எழுதியவர் தெ லா கெரினியேர் என்று முன்னர் கூறினோம் அல்லவா? அவர் பிரெஞ்சுக்காரர். நூலும் பிரெஞ்சு மொழியில்தான். ஐரோப்பாவிலேயே புகழ்பெற்றிருந்த வெர்சாய் அரசவைக் குதிரையேற்றப் பள்ளி புரட்சியில் மூடப்பட்டு, மீண்டும் திறக்கப்பட்டு, 1830இல் அடியோடு நின்றுபோனது. சோமூர் நகரின் இராணுவப் பள்ளி வேறு வகையில் குதிரையேற்றத்தைப் பேணிவந்தது உண்மையே. எனினும் வெர்சாயின் கைவழி அறுந்தது அறுந்ததுதான். நூல் நூலகத்தில் பத்திரமாக இருந்தது. அந்நூலின்படி அமர்ந்து காட்டும் உடல்களோ அயல்நாட்டில், வியன்னாவில் இருந்தன.

ஏடு இருந்தும் கலையை இழப்பது என்னவென்று நமக்குத் தெரியாததன்று. யாழைப் பற்றிச் சிலப்பதிகாரம் எவ்வளவோ கூறுகிறது. ஆயினும் அதனை மீட்டிய விரல்களின் மரபு அறுந்த பின்னர், விபுலாநந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் முயன்று நரம்புகளின் அளவையும் சுருதியையும் கணக்கிட்டுத்தான் 1947இல் 'யாழ் நூல்' வெளியிட வேண்டியிருந்தது. ஒரு தலைமுறை கைவிட்டதை, எத்தனை பேரறிஞர்கள் முயன்றாலும் முழுமையாக மீட்பது அரிது.

ஆகவே பாட்டனுக்கு நாம் கூறக்கூடிய விடை இதுதான்: இத்தாவல்களால் எந்தப் பசியும் தீர்ந்ததில்லை, எந்தப் போரும் நின்றதில்லை. ஆயினும் போர் ஒருநாள் நின்றே தீரும். நின்றபின் மனிதருக்கு வேண்டியவற்றுள், நிறுத்திவைத்து மீண்டும் தொடங்க இயலாதவையும் சில உண்டு. அவற்றை நெருப்பினூடே கைமாற்றிக் கொண்டுவருவதற்கு ஒரு சிலரேனும் வேண்டும்.

இன்று வியன்னாவில் ஒரு மாணவர் முதன்முறையாக அங்கவடியின்றி முதிய வெண்குதிரையின் மீது ஏறி அமர்கையில், அவருக்குக் கற்பிக்கும் குதிரை, வேறொரு வீரரிடம் கற்றது. அவ்வீரர் மற்றொரு முதிய குதிரையிடம் கற்றவர். இப்படியே பின்னோக்கிச் சென்றால், சங்க்த் மார்ட்டினையும், 1918ஐயும், ஆறாம் சார்லஸையும் கடந்து, அரண்மனைத் தோட்டத்தின் திறந்தவெளித் திடலில் போய் நிற்போம். தொப்பியைக் கழற்றும்போது அவர்கள் ஓவியத்திலிருக்கும் மன்னருக்குத்தான் வணக்கம் செலுத்துகின்றனர் என்பது வழக்கு. அந்த நீண்ட வரிசைக்கும் அது சேரும் என்றே நமக்குத் தோன்றுகிறது.